தமிழ் சினிமா ஆய்வைத் தொழிலாக்கிக்கொள்வது எப்படி? சென்னையில் தொடங்குகிறவர்களுக்கு ஒரு விரிவான பதில்

எம்.ஏ. இதழியல் முடித்த ஒருவரின் கேள்வி இது: தமிழ் சினிமா, டிவி, ரசிகர் மன்றம், போஸ்டர், பாட்டு என்று வெகுசனப் பண்பாட்டை ஆராய்வதையே தொழிலாக்கிக்கொள்ள முடியுமா? தியடோர் பாஸ்கரன், எம்.எஸ்.எஸ். பாண்டியன் போன்றவர்கள் எப்படி அந்த இடத்துக்கு வந்தார்கள்? சென்னையில் இருந்துகொண்டு எதிலிருந்து தொடங்குவது? இதில் பிழைப்பு நடக்குமா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். நடக்கும். ஆனால் சம்பளம் வருவது பாடம் நடத்துவதிலிருந்தோ வேறொரு உத்தியோகத்திலிருந்தோதான். ‘சினிமா ஆய்வாளர்’ என்ற பெயரில் இங்கே பணியிடம் எதுவும் காத்திருக்கவில்லை. இந்தத் துறையில் இன்று மேற்கோள் காட்டப்படுகிறவர்களில் பலர் வேறு எதையோ படித்து, வேறு எங்கோ வேலை பார்த்து, பக்கவாட்டில் இதற்குள் வந்தவர்கள்.

பாஸ்கரன் 1940-இல் தாராபுரத்தில் பிறந்தவர். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் வரலாறு படித்தார். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சிறிது காலம் வேலை பார்த்துவிட்டு 1964-இல் இந்திய அஞ்சல் பணியில் சேர்ந்தார். தமிழகத்தின் தலைமை அஞ்சல் அதிகாரியாக ஓய்வு பெறும்வரை மாதச் சம்பளம் தபால் துறையிலிருந்துதான். 1981-இல் வந்த அவருடைய முதல் ஆய்வு நூல் 1880 முதல் 1945 வரை தென்னிந்தியாவில் தேசிய அரசியலும் கேளிக்கை ஊடகங்களும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதைப் பற்றியது. அதில் சினிமா ஒரு பகுதிதான். கம்பெனி நாடகம், தேசபக்திப் பாட்டு எல்லாம் சேர்ந்தே வரும். தமிழ் சினிமாவுக்கென்றே அவர் எழுதிய நூல் 1996-இல் வந்தது. சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. 1998 முதல் 2001 வரை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் இயக்குநர். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ஆவணம், பிறகு நாடகமும் பாட்டும், அதற்குப் பிறகே படம்.

பாண்டியன் பொருளாதாரக்காரர். அடையாறு காந்தி நகரில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்; 1971-இல் மால்கம் ஆதிசேசய்யா தொடங்கிய நிறுவனம் அது. பாண்டியனின் ஆய்வேடு நாஞ்சில் நாட்டு வேளாண்மைப் பொருளாதாரம் பற்றியது, சினிமாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவர் 1992-இல் எழுதிய எம்.ஜி.ஆர். பற்றிய நூல் இன்றுவரை பேசப்படுவதற்குக் காரணம் அந்தப் பொருளாதாரப் படிப்புதான். 1977 முதல் 1987 வரை எம்.ஜி.ஆர். ஆட்சி, வரிச்சுமை யார் தலையில் விழுந்தது, பலன் யாருக்குப் போனது என்று அரசின் வரவு செலவுக் கணக்கை ஒரு பக்கம் வைத்தார். ஏழைகளின் தோழனாகத் திரையில் நின்ற நாயகனை, மலிவு விலை வாழ்க்கை வரலாற்றுப் புத்தகங்கள், நாட்டுப்புறப் பாடல்கள் ஆகியவற்றோடு இன்னொரு பக்கம் வைத்தார். இரண்டுக்கும் இடையில் இருந்த இடைவெளிதான் அவருடைய கேள்வி. படங்களை மட்டும் பார்த்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அவர் முடிவுகளோடு ஒத்துப்போகாதவர்கள் உண்டு. ரசிகர்களை ஏமாந்தவர்களாக மட்டும் பார்க்கிறார் என்ற விமர்சனம் நியாயமானதுதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் ஆதாரங்களை அடுக்கும் முறையில் அதை மிஞ்சிய புத்தகம் குறைவு. பின்னாளில் தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 2014 நவம்பரில் காலமானார்.

யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர் கா. சிவத்தம்பி பர்மிங்காமில் முனைவர் பட்டம் வாங்கியது பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி. நாடகத்துக்கு யார் வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்று பார்த்துப் பழகிய கண், பிறகு சினிமாக் கொட்டகைக்கும் அதே கேள்வியைக் கொண்டுபோனது. இந்த மூவரோடும் சேர்க்க வேண்டிய இன்னொரு பெயர் பிலிம் நியூஸ் ஆனந்தன். பேராசிரியர் இல்லை, எந்தப் பல்கலைக்கழகத்தையும் சாராமல், படத் தகவல்களையும் ஸ்டில்களையும் பல்லாண்டுகள் சேர்த்தவர். 1958-இல் ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு பி.ஆர்.ஓ. (பத்திரிகைத் தொடர்பாளர்) வேலை பார்த்து அந்தத் தொழிலையே தமிழில் தொடங்கிவைத்தவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. அவருடைய சேகரிப்பைத் தமிழக அரசு பின்னாளில் வாங்கிக்கொண்டது. 2016-இல் மறைந்தார். எந்த ஆண்டு எந்தப் படம், யார் இயக்கம் என்பதற்கு நாம் இன்று புரட்டும் பட்டியல்களுக்கு அடியில் அவருடைய உழைப்பு இருக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான்: படம் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆய்வாளராக நிற்பவர் படத்தைச் சுற்றிக் கிடக்கும் காகிதத்தைத் தேடிப் படிப்பவர். பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், தணிக்கைக் குறிப்பு, வரிக் கணக்கு, அரசாணை, தியேட்டர் வசூல் சீட்டு. தமிழில் இதற்குக் கூடுதல் காரணமும் உண்டு. ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த முதல் தென்னிந்திய மௌனப்படம் ‘கீசகவதம்’ இன்று இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ இல்லை. அன்றைய பிலிம் நைட்ரேட் சுருள். தானாகவே சிதையும், எளிதில் தீப்பிடிக்கும். ஓடி முடிந்த சுருளிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்க விற்றதும் உண்டு. ஆகவே முப்பதுகளின் படங்களில் பெரும்பகுதியைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் காகிதம் சொன்னதுதான்.

ஒரு பாட்டுப் புத்தகத்தை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். தியேட்டர் வாசலில் அணாக் கணக்கில் விற்ற மெல்லிய சாணித்தாள் புத்தகம். முன் அட்டையில் படம், கம்பெனி பெயர். அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும். 1867-இன் அச்சகச் சட்டப்படி அச்சிட்டவர் பெயரும் இடமும் போட்டாக வேண்டும் என்பதால் இது ஏறக்குறைய எப்போதும் இருக்கும். அந்த ஊர்ப் பெயரை விட்டுவிடாதீர்கள். ஒரே படத்துக்கு வேறு ஊர் அச்சகத்தில் அடித்த புத்தகமும் கிடைக்கும், இரண்டிலும் பாட்டு வரிசை வேறாக இருக்கலாம். உள்ளே நடிகர் பட்டியல். யார் பெயர் முதலில், யார் பெயருக்கு முன்னால் ‘சங்கீத வித்வான்’, யாருக்கு வெறும் பெயர் என்பது அன்றைய அந்தஸ்து வரிசை. பிறகு கதைச் சுருக்கம். விறுவிறுப்பாகப் போய்க்கொண்டிருக்கும் இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நின்றுவிடும், ஆகவே படத்தின் முடிவுக்கு இதை ஆதாரமாகக் காட்ட முடியாது. பாடல்களுக்கு மேலே ராகம், தாளம், சிலவற்றில் எந்த மெட்டில் பாட வேண்டும் என்ற குறிப்பு. இந்தி மெட்டு எவ்வளவு, நாடக மெட்டு எவ்வளவு என்று எண்ணினாலே ஒரு கட்டுரைக்கு விஷயம் தேறும். கடைசியில் விளம்பரங்கள்: கூந்தல் தைலம், இசைத்தட்டுக் கடை, காபிப்பொடி. படம் பார்க்க வருபவர் யார் என்று கடைக்காரர் நினைத்தார் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது.

இதில் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று. பாட்டுப் புத்தகம் படம் வெளியாவதற்கு முன்பே அச்சாகிவிடும். அதற்குப் பிறகு எடிட்டிங்கிலோ தணிக்கையிலோ பாட்டு போயிருக்கலாம். புத்தகத்தில் இருக்கிறது, ஆகவே படத்தில் இருந்தது என்று எழுதினால் தேர்வாளர் பிடித்துக்கொள்வார். இசைத்தட்டும் அப்படித்தான். 78 சுற்று ரெக்கார்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஓடும். அதில் அடங்குவதற்காகச் சரணத்தை வெட்டிப் பாடியிருப்பார்கள். தட்டில் உள்ளதும் படத்தில் உள்ளதும் ஒன்றல்ல.

படமே கையில் இருக்கும்போதும் அது முழுப் படம்தானா என்று பார்க்கக் கணக்கு ஒன்று உண்டு. 35 எம்.எம். பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம். பேசும்படம் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது; அதாவது நொடிக்கு ஒன்றரை அடி, நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் ஒன்று சுமார் 11 நிமிடம். பழைய தணிக்கைச் சான்றிதழிலோ பத்திரிகையிலோ 17,000 அடி என்று இருந்தால் படம் ஏறக்குறைய 189 நிமிடம். யூடியூபில் கிடைப்பது 150 நிமிடம் என்றால் மீதியை யாரோ எடுத்திருக்கிறார்கள். டிவிக்காக, மறு வெளியீட்டுக்காக, அல்லது சுருள் கெட்டுப்போய். அவசரப்படவும் கூடாது. டிவிக்கு மாற்றிய பிரதிகள் பல நொடிக்கு 25 ஃப்ரேம் வேகத்தில் ஓடும். அதில் 189 நிமிடப் படம் ஒரு காட்சியும் குறையாமல் 181 நிமிடமாகிவிடும். இந்த எட்டு நிமிடத்தை ‘வெட்டப்பட்ட அரசியல் வசனம்’ என்று எண்ணி அத்தியாயம் எழுதிவிடக் கூடாது. பிற்காலப் படங்களில் தொடக்கத்தில் வரும் சான்றிதழை நிறுத்திப் பாருங்கள்: எண், தேதி, மீட்டரில் நீளம் எல்லாம் இருக்கும். நிமிடத்துக்கு சுமார் 27.4 மீட்டர் என்று வகுத்துக்கொள்ளலாம். மௌனப்படத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது 16 ஃப்ரேம் அளவில், சில சமயம் ஆபரேட்டரின் கைவேகத்தில் ஓடியது.

இதே கணக்கு வரலாற்றையும் விளக்கும். இரண்டாம் உலகப் போரில் கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு வந்து, 1943-இல் அரசு படத்தின் நீளத்தை 11,000 அடிக்குள் கட்டுப்படுத்தியது. 11,000-ஐ 90-ஆல் வகுத்தால் 122 நிமிடம். அந்த ஆண்டுகளின் படங்களில் பாட்டு குறைந்து கதை இறுகியதை ‘ரசனை மாற்றம்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாற்றத்தில் அரசாணைக்கு எவ்வளவு பங்கு என்று தீர்த்துவிட்டுத்தான் ரசனையைப் பற்றிப் பேச வேண்டும்.

சென்னையில் இருப்பதன் லாபம் இந்தக் காகிதம் எல்லாம் பஸ் தூரத்தில் இருப்பது. முதலில் போக வேண்டிய இடம் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா சேர்த்தது. அவர் 1992-இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே வைத்துக் காப்பதென்று முடிவுசெய்ய, 1994-இல் நூலகமானது. பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், பழைய சினிமா இதழ்கள் என்று நமக்கு வேண்டியது இங்கேதான் அதிகம். அலமாரியைத் துழாவ முடியாது. பட்டியலில் தேடி எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே வீட்டிலேயே பட்டியலைப் பார்த்து, வேண்டியவற்றின் எண்ணோடு போனால் ஒரு நாளில் மூன்று நாள் வேலை முடியும். படத்தின் பெயரை ஒரே எழுத்துக்கோவையில் தேடாதீர்கள். கிரந்த எழுத்துள்ள பெயர்கள் மூன்று நான்கு விதமாகப் பதிவாகியிருக்கும்.

எழும்பூரில் இரண்டு இடங்கள். பாந்தியன் சாலையில் கன்னிமாரா, 1896-இல் திறந்தது. 1954 சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. மறைமலை அடிகள் நூலகத் தொகுப்பும் இப்போது அங்கேதான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். நிறுவனத்தின் கடிதம், அடையாள அட்டை, என்ன தலைப்பு, எந்தக் காலம் என்ற விவரத்தோடு அனுமதி கேட்க வேண்டும். இங்கே புதிதாக வருபவர் செய்யும் தவறு ‘சினிமா’ என்ற சொல்லைத் தேடுவது. 1918-இல் முதல் சினிமாட்டோகிராஃப் சட்டம் வந்து, 1920-இல் சென்னையில் தணிக்கை வாரியம் அமைந்த பிறகு, சினிமா பல துறைகளில் சிதறிக் கிடக்கிறது: சட்டம் (பொது), உள்துறை, பொதுத்துறை, போலீஸ். கொட்டகை உரிமம் ஒரு துறை, படத் தடை இன்னொரு துறை, கேளிக்கை வரி வேறொன்று. ஒவ்வொரு ஆண்டுக்கும் துறைவாரியான அட்டவணைத் தொகுதி உண்டு. அதில் ‘சினிமாட்டோகிராஃப்’, ‘தியேட்டர்’, ‘உரிமம்’, ‘நாடகம்’ என்று நான்கு தலைப்பிலும் பார்க்க வேண்டும். ஆணை கிடைத்ததும் முதலில் குறிக்க வேண்டியது மூன்று: எண், துறை, தேதி. விஷயத்தை எழுதிவிட்டு எண்ணை விட்டவர்கள் ஆய்வேடு முடிக்கும் நேரத்தில் திரும்பவும் எழும்பூருக்கு அலைகிறார்கள்.

பிரிட்டிஷ் காலத்தில் அரசு மொழிபெயர்ப்பாளர்கள் தயாரித்த இந்திய மொழிப் பத்திரிகை அறிக்கைகளும் அங்கே உண்டு. தமிழ்ப் பத்திரிகைகளின் சாரம் ஆங்கிலத்தில் கைக்கு வந்துவிடுவதால் ஆசை காட்டும். ஆனால் அவை அரசு எதைக் கண்டு கவலைப்பட்டதோ அதைப் பொறுக்கி எடுத்தவை. பத்திரிகை உலகம் முழுவதும் அரசியலே பேசிக்கொண்டிருந்தது என்ற பிரமை வரும். 1927-28-இல் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் உட்கார்ந்த இந்திய சினிமாட்டோகிராஃப் குழுவின் சாட்சியத் தொகுதிகள் இதைவிட வளமானவை. கொட்டகை முதலாளி, தணிக்கை உறுப்பினர், கல்லூரி ஆசிரியர் என்று கேள்வி பதிலாகவே அச்சாகியிருக்கிறது. மௌனப்பட காலத்துச் சென்னையைப் பற்றி எழுத விரும்புகிறவர் ஒரு மாதம் இதிலேயே உட்காரலாம்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்சிப் பத்திரிகைகளுக்கு அண்ணா அறிவாலயத்து நூலகமும் வேப்பேரி பெரியார் திடலும். கோட்டூர்புரத்துத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்கள் பல வீட்டிலிருந்தே படிக்கலாம். படத்தின் பிரதியையே பார்க்க வேண்டுமானால் 1964-இல் தொடங்கிய புணே திரைப்பட ஆவணக் காப்பகம். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, தேதி வாங்கிக்கொண்டு ரயில் ஏறுங்கள்.

தலைப்பு விஷயத்தில் பலர் ஆறு வருஷத்தைத் தொலைக்கிறார்கள். ‘தமிழ் சினிமாவில் பெண்கள்’, ‘திராவிட இயக்கமும் திரைப்படமும்’ என்று எடுத்தால் கரை காண முடியாது. முன்னால் எழுதியவர்களைத் தொகுத்துச் சொல்வதிலேயே ஆய்வேடு முடிந்துவிடும். காலம், இடம், ஆதார வகை மூன்றையும் கட்டிவிடுங்கள். ஸ்டீபன் ஹியூஸ் மௌனப்பட காலத்துக் கொட்டகைகளையும் பார்வையாளர்களையும் எடுத்துக்கொண்டார். சாரா டிக்கி மதுரை நகர ஏழைகளின் சினிமாவை. பிரமிந்தா ஜேக்கப் சென்னையின் பேனர், கட்-அவுட்டுகளை. ஒவ்வொருவர் கையிலும் வேறு யாரும் அவ்வளவு நெருக்கமாகப் பார்க்காத ஒரு பொருள் இருந்தது. தீண்டப்படாத தலைப்புகள் இன்னும் நிறைய: டெல்லி தூர்தர்ஷனின் நிழலில் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தின் முதல் பத்தாண்டு, 1993-இல் சன் டிவி வந்தபின், தூர்தர்ஷனில் ‘ஒளியும் ஒலியும்’ பார்த்த வெள்ளிக்கிழமை இரவுகளுக்கு என்ன ஆயிற்று என்பது, தமிழில் பெயர் வைத்த படங்களுக்கு 2006-இல் கிடைத்த கேளிக்கை வரி விலக்கு, வடசென்னை தியேட்டர்கள் கல்யாண மண்டபமானது. டிவி பற்றி எடுப்பவருக்கு ஓர் எச்சரிக்கை: தனியார் சேனல்களுக்குப் பொதுமக்கள் நுழையக்கூடிய ஆவணக் காப்பகம் இல்லை. நாளிதழ்களின் நிகழ்ச்சி நிரல், வார இதழ் விமர்சனம், பார்த்தவர்களின் பேட்டி மூன்றையும் வைத்துக் கட்ட வேண்டியிருக்கும். இணையத்தில் உள்ளதை எடுக்கிறவர் பார்த்த அன்றே முகவரி, தேதியோடு சேமித்துக்கொள்ள வேண்டும். கமென்ட்டுகள் எந்த நேரமும் காணாமல் போகும்.

வெற்றி தோல்வி பற்றி எழுதும்போது விளம்பரத்தை நம்பாதீர்கள். ‘நூறாவது நாள்’ என்ற போஸ்டருக்குப் பின்னால் ஷிஃப்டிங் இருக்கும். பெரிய தியேட்டரில் நான்கு காட்சி ஓடியது, பிறகு சின்ன தியேட்டரில் பகல் காட்சி மட்டும் ஓடி நாளைக் கூட்டியிருக்கும். உண்மை டி.சி.ஆரில் இருக்கிறது, அதாவது தியேட்டர்காரர் எழுதும் தினசரி வசூல் அறிக்கை. 1939-இன் கேளிக்கை வரிச் சட்டத்துக்குப் பிறகு வரிக்காகவும் கணக்கு வைக்க வேண்டியிருந்தது. பழைய தியேட்டர் குடும்பங்களிடமும் விநியோகஸ்தர்களிடமும் இந்தக் கட்டுகள் பரணில் கிடக்கின்றன. அவர்களிடம் பேசப் போகுமுன் படத்தை விற்கும் விநியோக ஏரியாக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்: சென்னை நகரம், செங்கல்பட்டு, வட-தென் ஆற்காடு, திருச்சி-தஞ்சை, மதுரை-ராமநாதபுரம், திருநெல்வேலி-கன்னியாகுமரி, சேலம், கோவை. எம்.ஜி. என்றால் மினிமம் கேரண்டி, அதாவது வசூல் எப்படி இருந்தாலும் தர ஒப்புக்கொள்ளும் குறைந்தபட்சத் தொகை என்று தெரியாமல் போனால் அவர்கள் ஐந்து நிமிடத்தில் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்தக் கணக்கிலும் வரிக்காகக் குறைத்துக் காட்டியது இருக்கலாம். ஒரே வாரத்துக்கு விநியோகஸ்தர் கணக்கும் தியேட்டர் கணக்கும் கிடைத்தால் ஒப்பிடுங்கள்.

பேட்டிகளில் ஒரு தொழில் நுணுக்கம். நடிகர், இயக்குநர்களிடம் ‘முதல் வாய்ப்பு எப்படி வந்தது?’ என்று கேட்டால் டிவியில் பலமுறை சொல்லி மெருகேறிய கதைதான் வரும். லைட்மேன், டான்ஸ் அசிஸ்டென்ட், புரொடக்‌ஷன் மேனேஜர், பேனர் எழுதியவர் ஆகியோரிடம் போங்கள். பேட்டா எவ்வளவு, எப்போது கைக்கு வந்தது, கால்ஷீட் எத்தனை மணிக்குத் தொடங்கியது, வண்டி எங்கே வந்து ஏற்றும் என்று கேளுங்கள். கையில் பழைய ஸ்டில் ஒன்றை எடுத்துப்போய் நீட்டினால் பேச்சு தானாக வரும். ஆண்டைக் கேட்காதீர்கள், தப்பாகவே சொல்வார்கள். ‘பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியா, அப்புறமா?’ என்று கேளுங்கள். ஒலிப்பதிவைச் சுருக்கப்பட்ட வடிவத்தில் சேமிக்காமல் வேவ் கோப்பாக வைத்து, அன்று இரவே இரண்டாவது பிரதி எடுங்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்குவது பல்கலைக்கழகத்துக்காக மட்டுமல்ல. பத்து வருடம் கழித்து நூலாக்கும்போது அவர் இல்லாமல் போனால் குடும்பத்துக்குக் காட்ட அதுதான் இருக்கும்.

இனி பட்டமும் வேலையும். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி முனைவர் பட்டத்தில் சேர முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு கிடைக்கும். எம்.ஃபில். இப்போது கிடையாது. பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் வழிகாட்ட முடியும். ஆகவே உங்கள் தலைப்புக்குப் பொருத்தமான வழிகாட்டியிடம் இடம் காலியாகும் வரை காத்திருக்க வேண்டி வரலாம். அது வீணல்ல, அந்தக் காலத்தில் ஆதாரம் சேருங்கள். இடம் காலியாக இருக்கிறது என்பதற்காகச் சினிமாவே பிடிக்காத வழிகாட்டியிடம் போய் மாட்டிக்கொள்வது பெரிய நஷ்டம்.

கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் ஆண்டுக்கு இருமுறை. இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்குக் கழிவு இல்லை. 2024 முதல் இதன் மதிப்பெண்ணே முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுகிறது. ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை இல்லாமல் தகுதி மட்டும் பெற்றவர்களுக்கு 70 சதவீதம் தேர்வு, 30 சதவீதம் நேர்காணல் என்று எடை, அந்த மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. சென்னையில் இந்தத் தொகை இருந்தால் ஒரு ஆய்வாளர் நிம்மதியாக நூலகத்தில் உட்காரலாம். இல்லாதவர் பகலில் பாடம் எடுத்து, நூலகம் மூடும் நேரத்தில் போய்ச் சேர்வார். ஆகவே ஒரு வருடம் இந்தத் தேர்வுக்கே கொடுத்தாலும் தகும். இதழியல் பாடத்திட்டத்தில் தகவல்தொடர்புக் கோட்பாடு, ஊடகச் சட்டம், ஆய்வு முறையியல்தான் அதிகம். தமிழ் சினிமா ஞானம் அங்கே செல்லாது.

எந்தத் துறையில் சேர்கிறீர்கள் என்பது எந்த வேலை கிடைக்கும் என்பதைத் தீர்மானித்துவிடும். தமிழ்த் துறையில் முடித்தால் தமிழ் ஆசிரியர் பணி. இதழியலில் முடித்தால் இதழியல், விஸ்காம் (காட்சித் தொடர்பியல்). பணியிட அறிவிப்பில் ‘சம்பந்தப்பட்ட பாடம்’ என்று இருக்கும், அதில் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். சுயநிதிப் பிரிவில் அதில் பாதிகூட வருவது அரிது. சென்னையில் விஸ்காம் துறைகள் ஏராளம், ஆனால் அங்கே எடுக்கும் ஆசிரியர் கேமராவும் எடிட்டிங்கும் சொல்லித்தர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஆய்வு மட்டும் தெரிந்தவர் நேர்காணலில் திணறுவது இந்த இடத்தில்தான். ஆய்வின்போதே ஒரு எடிட்டிங் மென்பொருளை உருப்படியாகக் கற்றுக்கொள்வது சோற்றுக்கும் உதவும், காட்சிகளை ஷாட் வாரியாகப் பிரித்து எண்ணவும் உதவும்.

கட்டுரை வெளியீட்டில், காசு கேட்டு இரண்டு வாரத்தில் அச்சிடும் ஆய்விதழ்கள் பக்கம் போகவே வேண்டாம். ஆய்வேடு கொடுக்குமுன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதி 2022-இல் போய்விட்டது, 2025-இல் யு.ஜி.சி. தான் அங்கீகரித்த ஆய்விதழ்களின் ‘கேர்’ பட்டியலையும் கைவிட்டது. ஒரே ஒரு நல்ல கட்டுரைக்கு இரண்டு வருடம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. பாண்டியன் ‘பராசக்தி’ பற்றி 1991-இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் எழுதிய ஒரு கட்டுரை எத்தனை ஆய்வேடுகளின் அடிக்குறிப்பில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் அதன் தமிழ் வடிவத்தை ஏதாவதொரு சிற்றிதழுக்குக் கொடுத்துவிடுங்கள். பரணில் டி.சி.ஆர். வைத்திருக்கும் பெரியவர் ஆங்கில ஆய்விதழ் படிப்பதில்லை. தமிழில் வந்ததைப் படித்துவிட்டு, ‘தம்பி, இதுல ஒரு தப்பு இருக்கு’ என்று அவரே போன் செய்வார். அடுத்த கட்டுரைக்கான ஆதாரம் பெரும்பாலும் அந்த போனில்தான் தொடங்குகிறது.

நூலாகும்போது படங்களுக்கும் வரிகளுக்கும் உரிமை பார்க்க வேண்டும். இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு பதிப்புரிமை. 1965-இல் வெளிவந்த படம் 2026 தொடக்கத்தில் உரிமைக் கட்டு நீங்கிப் பொதுச் சொத்தாகிவிடுகிறது. பாடல் வரியும் புகைப்படமும் அப்படியல்ல, எழுதியவர் அல்லது எடுத்தவர் இறந்த பிறகு 60 ஆண்டு. கண்ணதாசன் 1981-இல் மறைந்தார், ஆகவே அவர் வரிகளுக்கு 2041 முடியும் வரை உரிமை உண்டு, படம் எவ்வளவு பழையதானாலும். விமர்சனத்துக்காகச் சில வரிகளை மேற்கோள் காட்டச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் முழுப் பாடலையும் பின்னிணைப்பில் சேர்ப்பதாக இருந்தால் கடிதம் எழுதி அனுமதி வாங்கியே ஆக வேண்டும். பதிப்பாளர் இதைக் கடைசி வாரத்தில்தான் கேட்பார். ஆகவே ஒவ்வொரு ஸ்டில்லுக்கும் எங்கிருந்து எடுத்தது, யாருடையது, எந்த ஆண்டு என்ற மூன்று விவரத்தையும் முதல் நாளிலிருந்தே கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.